காசுப் பேயும் வீட்டுப் பேயும்

ஆண்டுதோறும் செப்டம்பர்க் கடைசி முதல் நவம்பர்த் தொடக்கம் வரையில் சிங்கப்பூரிலே பேய்களுக்கு வேலை கிடைக்கும் பருவமாகும். செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் என்னும் கேளிக்கைப் பூங்காவில், ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ என்னும் பெயரால் 2011ஆம் ஆண்டு முதல் பேய்க் காட்சிகள் நடந்து வருகின்றன. கொரோனா நோய் பரவிய 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் மனிதரைப் போலவே பேய்களும் வீட்டோடு இருந்துவிட்டன; 2022இல் மீண்டும் வெளிவந்தன. மலேசியாவில் சன்வே லகூன் முதலிய இடங்களிலும் இதே பருவத்தில் இவ்வகைக் காட்சிகள் நடத்தப்படுகின்றன.

பகற்பொழுதில் அப்பூங்காவிற்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் செல்கின்றனர். ஹார்பர்பிரண்டில் ரயிலேறி, கடலைக் கடந்து, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எகிப்திய மம்மிகள் பாய்ந்து வரும் இருட்டு வண்டியிலும், வானிலே முறுக்கிச் சுழலும் உருளை வண்டியிலும் ஏறி இறங்கி மகிழ்கின்றனர். மாலை மங்கியதும் பகல் விளையாட்டு முடிகின்றது. அதன்பின் தனிச்சீட்டு வாங்கியவர்க்கே இடம், தெருவெல்லாம் புகை, மூலைக்கு மூலை இரத்தம் வழியும் முகங்கள். அவ்வேளையில்தான் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கு எழுகின்றது. “இருந்து பார்த்துவிட்டுப் போவோம்” என்று பிள்ளைகள் கெஞ்சுகின்றனர். “ஐயையோ, பேயாவது, பிசாசாவது! வீட்டுக்கு வாருங்கள்” என்று பெரியவர்கள் இழுக்கின்றனர்.

2024ஆம் ஆண்டில் இவ்வழக்கு முற்றிவிட்டது. தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31ஆம் நாளாகிய ஒரே தினத்தில் வந்து சேர்ந்தன. விளக்கேற்றும் நாளில் பேய்க்கு விழாவா என்று ஒரு சாரார் சீறினர். விளையாட்டை விளையாட்டாக விட்டுவிடாமல் இதென்ன கூச்சல் என்று மற்றொரு சாரார் சிரித்தனர். இவ்விரு சாராரும் தவறினர் என்பதே நமது கட்சி. முன்னவர் எதிர்க்க வேண்டாததை எதிர்க்கின்றனர். பின்னவர் எதிர்க்க வேண்டியதைக் காணாமல் போகின்றனர்.

முதற்கண் பண்பாட்டுக் காவலரை எடுத்துக்கொள்வோம். ஹாலோவீன் அந்நியரது பண்டிகை, நமக்குப் புறம்பானது என்பது அவர் வாதம். அந்நியமென்பதில் ஐயமில்லை. பழைய அயர்லாந்து மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் வேளையில் கொண்டாடிய சம்ஹெய்ன் என்னும் விழாவும், நவம்பர் முதல் நாளில் கிறிஸ்தவர் கொண்டாடும் சகல புனிதர் திருநாளின் முன்னிரவும் ஒன்றோடொன்று கலந்து உருவானது அது. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தியரும் ஸ்காட்லாந்தியரும் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றபோது அதனையும் கொண்டு சென்றனர். சொந்த ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், புதிய நாட்டில் பூசணிக்காயைக் குடைந்தனர். கூலிக்குக் கடல் கடந்து, ஊர்த் தெய்வத்தையும் உடன் கொணர்ந்து, இம்மண்ணில் கிடைத்ததை வைத்துப் படையலிட்ட நம் பாட்டன்மார் கதைக்கும் அதற்கும் என்ன பேதம்?

வேடமிட்டு வீடு வீடாகச் செல்வது அந்நியம் என்கின்றனர். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசராக் காலத்தில் நடப்பதை இவர்கள் அறியாரோ? காளியென்றும், குரங்கென்றும், பிச்சைக்காரனென்றும், போலீஸ்காரனென்றும் பக்தர்கள் வேடம் புனைந்து, ஊர் ஊராய்ச் சென்று காணிக்கை பெற்றுத் திரும்புகின்றனர். அங்கே பக்தி, இங்கே மிட்டாய். கையேந்தும் முறையில் வேற்றுமை காணோம். பேயைக் காட்சிப் பொருளாக்குவது அந்நியம் என்கின்றனர். 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைப் புரட்டியாவது பார்த்தனரோ? முதற் குலோத்துங்கனது படை கலிங்கத்தை வென்றதைப் பாட வந்த புலவர், படைத்தலைவனுக்குச் சற்றும் குறையாத இடத்தைப் பேய்களுக்கு அளித்திருக்கின்றார். பேய்கள் பசியால் முறையிடுகின்றன. போர்க்களத்திலே கூழ் அடுகின்றன. பந்தி வைத்துப் பரிமாறுகின்றன. அம்மட்டோ! ‘இந்திரசாலம்’ என்னும் பகுதியில், இமயத்தினின்று வந்த முதுபேயொன்று காளியின் முன்னிலையில் மாயவித்தை காட்டுகின்றது. இரத்த வெள்ளம் ஓடுவதுபோலத் தோன்றுகின்றது. மற்றைப் பேய்கள் அதனை மெய்யென்று நம்பிக் குடிக்க ஓடி, வெறுங்கையோடு நிற்கின்றன. பேயே பேய்க்காட்சியில் ஏமாந்த இவ்வேடிக்கையைத் தமிழன் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிச் சிரித்திருக்க, செந்தோசாவில் பார்த்துச் சிரிப்பது தமிழுக்கு இழுக்கென்பது நகைப்பிற்கிடமன்றோ?

நிற்க. இக்காசுப் பேய் எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று ஆராய்வோம்.

தண்ணீரும் கிளைக்கால் என்னும் திரவமும் கலந்த கலவையைச் சூடேற்றி வெளிவிட்டால், சுடுகாட்டுப் புகை தயார். நடைபாதையை நேராக விடாமல் பத்தடிக்கு ஒருமுறை திருப்பினால், அடுத்து வருவது இன்னதென்று கண்ணுக்குத் தெரியாது. வலப்புறத்தில் ஒரு பொம்மையை வெளிச்சமிட்டு நிறுத்தினால், வருவோர் அனைவரும் அதனையே நோக்குவர். அந்நேரத்தில் இடப்புறப் பலகை சடாரென்று விலக, சம்பளம் வாங்கும் இளைஞரொருவர் அலறிக்கொண்டு தலைநீட்டுவார். பார்ப்பவரது உடலிலே அட்ரினலின் என்னும் சுரப்பு பாய்கின்றது, நெஞ்சு படபடக்கின்றது, கால் பின்வாங்குகின்றது. அடுத்த கணமே, இது விளையாட்டென்று அறிவு சொல்லச் சிரிப்பு வருகின்றது. அச்சத்திற்கும் சிரிப்பிற்கும் இடையிலுள்ள அந்த ஒரு கணத்திற்காகத்தான் மக்கள் வெள்ளிகளைக் கொடுத்து வரிசையில் நிற்கின்றனர்.

இத்தொழிலின் பூர்விகமும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர், 1798 முதலாகப் பாரிஸ் நகரத்தில் எத்தியேன் காஸ்பார் ரொபேர் என்பவர், சக்கரம் வைத்த மாய விளக்கைத் திரைக்குப் பின்னே முன்னும் பின்னும் நகர்த்தி, ஆவிகள் வளர்ந்து வருவதுபோலக் காட்டிப் பொருளீட்டினார். இலண்டன் நகரத்து ராயல் பாலிடெக்னிக் நிலையத்தில் 1862ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாளில், ஜான் ஹென்றி பெப்பர் என்னும் விஞ்ஞான ஆசிரியர் மேடையில் ஓர் ஆவியை உலவவிட்டார். பெரியதொரு கண்ணாடித் தகட்டைச் சாய்வாக நிறுத்தி, கீழே மறைவில் நின்ற நடிகர்மேல் விளக்கைப் பாய்ச்சினால், அவருருவம் கண்ணாடியிற் பட்டுக் காற்றிலே நிற்பதுபோலத் தோன்றும். விளக்கைத் தணித்தால் மறையும். ஹென்றி டர்க்ஸ் என்னும் பொறியாளர் கண்ட உபாயத்தைத் திருத்தியமைத்தது அது. கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்தில் 1969இல் திறக்கப்பட்ட பேய் மாளிகையில் நடனமாடும் ஆவிகளும் இதே கண்ணாடியின் குழந்தைகளே. இரவில் ரயிலில் செல்லும்போது சன்னற் கண்ணாடியில் நம் முகம் வெளியிருட்டிலே மிதப்பதைக் காண்கின்றோமே, அதுவே இப்பேயின் பிறப்பிடம்.

இக்காசுப் பேய்க்கு ஒரு பெருங்குணம் உண்டு. அது தன்னைப் பொய்யென்று தானே ஒப்புக்கொள்கின்றது. சீட்டிலே நேரம் அச்சிட்டிருக்கின்றது. வெளியேறும் வழிக்குப் பச்சை விளக்கு எரிகின்றது. சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று என்று நடத்துவோரே அறிவிக்கின்றனர். காட்சி முடிந்தபின் அந்தப் பேய் சாயத்தைக் கழுவிவிட்டு, வயிற்றுப் பசிக்குச் சோறு தேடிப் போகின்றது. ‘உன் குடும்பத்திற்குத் தோஷம், கோழியறுத்தால் தீரும்’ என்று அது எவரிடமும் சொன்னதில்லை.

வீட்டுப் பேயின் குணம் வேறு. சோறுண்ண மறுக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்குப் ‘பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்’ என்று நாம் கற்பிக்கும் முதற்பாடமே பேய்ப்பாடம். பள்ளி செல்லும் பிள்ளைக்கு வாழைத்தோட்டத்தில் பொந்தியானாக். ரப்பர்க் காட்டில் முனி. மதியம் பன்னிரண்டு மணிக்கு வேறொரு காட்டேரி. பருவமடைந்த பெண் தனியே நடந்தால் மோகினி. பரீட்சையில் தவறினால் எவனோ வைத்த சூனியம். இந்தப் பேய்க்குச் சீட்டில்லை, முடிவு நேரமில்லை, பச்சை விளக்கெரியும் வாசலுமில்லை. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டே நம் குழந்தைகளை அரண்டவர்களாக வளர்க்கின்றோம். அந்த அச்சத்தை விளைநிலமாகக் கொண்டு உழுகின்றனர், உடுக்கையடிக்கும் பூசாரியும், தாயத்து விற்கும் மந்திரவாதியும், மலாய்க் கம்பத்துப் போமோவும். இனப் பேதம், மதப் பேதம் பாராமல் எல்லோரும் ஒற்றுமையாகக் கூடும் இடம் இந்நாட்டில் பேயோட்டியின் வாசல் ஒன்றே போலும்!

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தி தமக்கு உண்டென்று ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்துக் காட்டுவோர்க்கு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும் வரையில் அப்பணத்தை ஒருவரும் பெற்றிலர். பேய் பிடித்தவரென்று கொண்டுவரப்பட்ட பலரை அவர் உட்காரவைத்துப் பேசி, உள்ளத்து நோவைக் கேட்டறிந்து தேற்றியனுப்பினார். பேயை ஓட்ட அவருக்கு வேப்பிலை வேண்டியிருக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டல் போதுமானதாயிருந்தது.

ஆகவே, பண்பாட்டுக் காவலரை நாம் கேட்பது இது: பொய்யென்று சொல்லிக் காட்டும் பேயை விரட்டக் கோலெடுக்கும் நீவிர், மெய்யென்று சொல்லிப் பணம் பறிக்கும் பேயின்முன் ஏன் கைகட்டி நிற்கின்றீர்?

இதுவரை படித்துவந்த இரண்டாம் சாரார், ‘நன்றாகச் சொன்னீர்’ என்று கைதட்டக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். காசுப் பேயின் கணக்கிலும் ஒரு கரும்புள்ளி இருக்கின்றது.

பேய்க் காட்சி வியாபாரம் எந்நாட்டில் நடப்பினும், அதற்குத் தவறாமல் அமையும் வீடுகளில் ஒன்று பைத்தியக்கார ஆஸ்பத்திரி. வெள்ளைச் சுவரில் இரத்தக் கறை, கை பின்னே கட்டப்பட்ட நோயாளி, கம்பிக்குள்ளிருந்து அலறல், சாவி தொலைந்த கதவு. காட்டேரியைப் பார்த்து அஞ்சினால் எந்தக் காட்டேரிக்கும் நட்டமில்லை. காட்டேரி என்று ஒன்று இருந்தாலன்றோ நட்டம்! மனநோயாளி இருக்கின்றார். அவர் நம் தெருவில் இருக்கின்றார். நம் வீட்டிலும் இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, ஏழு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சோர்வு, மனப்பதற்றம், மதுப்பழக்கம் முதலிய கோளாறுகளில் ஏதேனும் ஒன்றால் துன்புற்றவர். அங்ஙனம் துன்புற்றோரில் நாலில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர் உதவி நாடவில்லை. ஏன் நாடவில்லை? காரணங்கள் பல, வெட்கம் அவற்றிலே தலையாயது. மலேசியத் தமிழன் ஒருவனை இழிவுசெய்ய விரும்பினால் ‘தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டியவன்’ என்கின்றோம். பேராக் மாநிலத்தில் 1911இல் தொடங்கப்பட்டு, எத்தனையோ ஆயிரம் பேர்க்கு மருந்தும் படுக்கையும் தந்த மருத்துவமனையின் ஊர்ப்பெயர் நமக்கு வசவாகிவிட்டது. சிங்கப்பூரிலே உட்பிரிட்ஜ் என்னும் பெயர்க்கும் அதே கதி. அந்த வசவுக்கு அரங்கமைத்து, விளக்கேற்றி, சீட்டுப்போட்டு விற்பதே பேய்ப் பூங்காவின் பைத்தியக்கார வீடு.

‘வெறும் விளையாட்டு’ என்பார் மறுமொழி என்ன? வெளிநாடுகளில் அவ்விளையாட்டை நிறுத்தியதுண்டு. பிரிட்டனில் 2013ஆம் ஆண்டு செப்டம்பரில், ஹாலோவீனுக்கென்று மனநோயாளி வேட உடைகளை விற்ற ஆஸ்டா, டெஸ்கோ என்னும் இரண்டு பெருங்கடைகள், மக்கள் கண்டித்தவுடன் அவற்றைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டன. கலிபோர்னியாவிலுள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்னும் பூங்கா, 1973 முதல் ஹாலோவீன் பேய்க்காட்சி நடத்திவரும் பழம்பெரும் இடம். அங்கே 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் மனநோய் மருத்துவமனையைக் களமாகக் கொண்ட புதிய காட்சியொன்று தொடங்கிற்று. மனநோயாளியை அவர் சம்மதமின்றிக் காவலில் வைக்க இடந்தரும் சட்டப்பிரிவின் எண்ணையே அதற்குப் பெயராகச் சூட்டியிருந்தனர். மனநல அமைப்பினரும் நோயாளிகளின் குடும்பத்தினரும் எதிர்த்தனர். முதலிற் பெயரை மாற்றினர். பின்னர் அம்மாதமே காட்சியை மூடினர். பூங்கா அழிந்துவிடவில்லை; மற்றைப் பேய்கள் வழக்கம்போல உலவின. நோயாளியை விட்டுவிட்டாலும் வியாபாரம் நடக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்குற்றத்தில் மேனாட்டானை மட்டும் கூண்டிலேற்றுவது நீதியாகாது. மேலே புகழ்ந்த பரணியிலேயே, காளியைச் சூழும் பேய்களுள் கால் முடமான பேய், கண்ணிழந்த பேய், செவிட்டுப் பேய், ஊமைப் பேய், கூனற் பேய், குறட்பேய் என்று ஓர் அணிவகுப்பு வருகின்றது. ஊனமுற்ற மனிதரைப் பார்த்து வரைந்த சித்திரங்களே அவை. சித்தம் கலங்கியவனைப் ‘பேயன்’ என்று நம் மொழியே அழைக்கின்றது. நோயாளியைப் பேயாக்கும் வழக்கம் கடல் கடந்து வந்த சரக்கன்று. நம் களஞ்சியத்திலும் அது வெகுகாலமாகக் கிடக்கின்றது.

அதன் முடிவு என்னவாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓலைக் கொட்டகையொன்று தீப்பற்றிற்று. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட வழி தெரிந்தும் ஓட முடியவில்லை. இருபத்தெட்டு உயிர்கள் மாண்டன. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவரல்லர், பெற்றவரும் உடன்பிறந்தவருமே. பேயென்றும் செய்வினையென்றும் நம்பி, மருத்துவனிடம் செல்ல வேண்டிய பிள்ளையை, புண்ணிய இடத்தின் காற்றுப் பட்டாற் குணமாகும் என்று விட்டுச் சென்றனர். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியாற் பிணித்தல் கூடாதென்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் விதிக்கின்றது. அவ்விருபத்தெண்மர்க்கு அச்சட்டம் பதினாறாண்டு பிந்தி வந்தது.

செந்தோசாவின் பேய் வீட்டிற்கும் ஏர்வாடிக் கொட்டகைக்கும் என்ன தொடர்பென்று கேட்பீராயின், கூறுவோம். பைத்தியக்கார வீட்டில் கம்பிக்குப் பின்னே அலறும் நடிகரைப் பார்த்து, ‘இவன் ஆபத்தானவன், கட்டித்தான் வைக்க வேண்டும்’ என்று பன்னிரண்டு வயதுச் சிறுவன் மனத்திற் பதித்துக்கொள்கின்றான். நாளை அவன் அக்காளுக்கே மனம் சோர்ந்தால், அவள் வாய்திறக்க அஞ்சுவாள். அவனோ அவளைப் பார்க்க அஞ்சுவான். பேயோட்டி செய்வதும் அதுவே. ஒருவன் நோயாளியைப் பேயென்று சொல்லி ஓட்டுகின்றான். மற்றவன் நோயாளியைப் பேயென்று காட்டி விற்கின்றான். தட்சணைக்கும் சீட்டுக்கும் பெயர்தான் வேறு.

எனவே, குடும்பத்தோடு பூங்காவிற்குச் செல்ல எண்ணும் தாய்தந்தையர்க்கு நாம் சொல்வன சில. தாராளமாகச் செல்லுங்கள். உழைத்துக் களைத்த குடும்பம் ஒருநாள் சிரித்து வருவதைத் தடுக்க எந்தச் சீர்திருத்தக்காரனுக்கும் உரிமையில்லை. சிறு குழந்தைகளைப் பகலோடு அழைத்து வந்துவிடுங்கள். அவர்களுக்குப் பொய்யும் மெய்யும் பிரித்தறியும் வயது வரட்டும். வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிச் செல்வீராயின், வெளிவந்ததும் அவர்களோடு உட்கார்ந்து, புகை எங்கிருந்து வந்தது, பலகை எப்படித் திறந்தது, நம்மை ஏன் வலப்புறம் பார்க்கவைத்தனர் என்று ஆராயுங்கள். ஒரு கண்ணாடியும் கைவிளக்கும் கொண்டு பெப்பரின் ஆவியை உங்கள் வீட்டு மேசையிலேயே எழுப்பிக் காட்டுங்கள். தானே பேய் செய்யக் கற்ற பிள்ளையை எந்தப் பேயோட்டியும் ஏமாற்ற முடியாது.

மனநோயாளியைப் பேயாக்கிய வீடு ஒன்று அங்கே இருக்குமாயின், அதற்குள் புகாதீர்கள். ஏன் புகவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நடத்துவோர்க்கும் எழுதுங்கள். காசு கொடுப்பவன் சொல்லைக் கேளாத வியாபாரி உலகில் இல்லை.

வீடு திரும்பியதும் இன்னொரு வேலை உண்டு. உறங்காமல், உண்ணாமல், தனியே பேசிக்கொண்டிருக்கும் உறவினர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருப்பாராயின், அவரை எந்தப் பூசாரியிடமும் இழுத்துச் செல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பூச்சாண்டி என்னும் சொல்லை இன்றிரவே உங்கள் வீட்டு அகராதியிலிருந்து அடித்துவிடுங்கள். செந்தோசாவின் பேய்கள் நவம்பரில் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விடும். நம் வீட்டுப் பேய்க்குச் சோறு போடுவதை நாம் நிறுத்தினாலொழிய அது போகாது.